உங்களைப் பற்றி நூறு சொல்: தன்குறிப்பு எழுதும் முறை

இதழுக்கு முதல் கதை அனுப்பியிருப்பீர்கள். ஊர்ச் சங்க மலரில் கட்டுரை வரவிருக்கும். கூட்டத்தில் பேச அழைத்திருப்பார்கள். எல்லாம் முடிந்தபிறகு ஒரு வரி வரும்: "உங்களப் பத்தி சின்னதா ஒரு குறிப்பு அனுப்புங்க." முந்நூறு பக்கம் எழுதியவர்கூட அந்த நூறு சொல்லுக்குத் தவிப்பார்.

புதிதாக எழுதுவோரின் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டு வகையில் கெடுகின்றன. ஒன்று, "பன்முகத் திறமை கொண்டவர், சமூக ஆர்வலர், சிந்தனையாளர்" என்ற அடுக்கு. மற்றொன்று, "சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, சாதாரண குடும்பம்" என்ற கூச்சம். இரண்டிலும் ஆளைப் பார்க்க முடிவதில்லை.

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய அனுமதி இருக்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லும் பவணந்தியின் நன்னூல், உடனே நான்கு இடங்களுக்கு விலக்கும் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. தன்குறிப்பைப் படிப்பவர்கள் உங்களை அறியாதவர்கள்தான். ஆகவே தயங்காமல் சொல்லலாம். உண்மையான ஊர், உண்மையான வேலை, உண்மையான ஆண்டு என்று சொன்னால் அது தற்பெருமையாகவும் ஒலிக்காது.

படி 1: சரக்கைச் சேர்த்தல்

ஒரு தாளை நான்காக மடித்து விரியுங்கள். நான்கு கட்டங்களுக்கும் வாழ்க்கை, வேலை, குடும்பம், அடையாளம் என்று தலைப்பிடுங்கள். அரைமணி நேரம் ஒதுக்கி, கட்டத்துக்கு ஐந்து தகவலாவது எழுதுங்கள். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு தகவலிலும் ஓர் ஊரோ, ஆண்டோ, எண்ணோ, கையால் தொடக்கூடிய பொருளோ இருக்க வேண்டும். "கஷ்டப்பட்டுப் படித்தேன்" சேராது. "ஆறாம் வகுப்பு முதல் தினமும் நான்கு கிலோமீட்டர் சைக்கிளில் போய்ப் படித்தேன்" சேரும்.

இந்த நிலையில் வாக்கிய அழகு வேண்டாம், துண்டு துண்டாக இருக்கட்டும். இருபது தகவல் சேர்ந்தால் கடைசியில் ஏழெட்டுதான் குறிப்பில் நிற்கும். மீதியைத் தூக்கிப் போடாதீர்கள். வேறோர் இடத்துக்கு வேறு குறிப்பு எழுதும்போது கைகொடுக்கும்.

படி 2: பெயரை முடிவு செய்தல்

ஒருவர் பெயர் புத்தக அட்டையில் ஒரு மாதிரி, குறிப்பில் இன்னொரு மாதிரி, அழைப்பிதழில் மூன்றாவது மாதிரி வருவதை அடிக்கடி பார்க்கலாம். தேடுகிறவர்களுக்கு மூன்று ஆள் போலத் தெரியும். முதலிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

தலைப்பெழுத்தில்தான் குழப்பம் அதிகம். "எஸ். முருகன்" என்றால் அப்பா பெயர் சண்முகமா, சுப்பையாவா, செல்வராஜா என்று தெரியாது. தமிழில் எழுதும்போது ச., சு., செ. என்று அப்பா பெயரின் முதல் எழுத்தையே போடுங்கள். அரசு ஆவணங்களில் தலைப்பெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டிருக்கிறது. அம்மா பெயரின் எழுத்தையும் சேர்க்க விரும்பினால் தாராளமாகச் சேர்க்கலாம்; ஆனால் அடுத்த முறை விட்டுவிடாதீர்கள். ஊர்ப்பெயரும் தலைப்பெழுத்தில் வரும் வழக்கம் ஒன்று இருந்தது. திரு.வி.க.வில் 'திரு' திருவாரூர், 'வி' அப்பா விருத்தாசலம். உ.வே.சா.வில் 'உ' உத்தமதானபுரம். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையில் 'சி' சிறுப்பிட்டி. ஊரை விட முடியாதவர்களுக்கு இது இன்றும் நல்ல வழி.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடத் தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டு இதழ்களில் புதிதாக எழுத வருகிறவர் பெயரோடு பட்டம் வந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். பெயருக்கு முன்னால் திரு, கவிஞர், எழுத்தாளர் என்று நீங்களே போட்டுக்கொள்வதும் வேண்டாம். அவற்றைப் பிறர்தான் போட வேண்டும்.

வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால், சன்மானம் அனுப்புவதற்காக அதைக் கடிதத்தில் தனியாகத் தெரிவியுங்கள். குறிப்புக்குள் நுழைக்காதீர்கள்.

படி 3: ஊரைச் சரியாக எழுதுதல்

ஊர் தெரிந்தால் பாதி ஆள் தெரிந்த மாதிரி. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், தொழில், பெயர். மதுரையில் துணி விற்ற இளவேட்டனார் என்று அவரைப் பற்றி இன்றும் நமக்குத் தெரிவது இந்தப் பெயர் வரிசையால்தான். இதைவிடச் சுருக்கமான தன்குறிப்பு எழுத முடியாது. உங்கள் குறிப்பின் நடுவாக்கியம் இதே மூன்றையும் தாங்கி நின்றால் போதும்.

ஊர்ப்பெயரோடு மாவட்டத்தைச் சேர்த்து எழுதுங்கள். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரா, வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூரா என்று தெரியாது. புதூர் என்றால் கேட்கவே வேண்டாம். மாவட்டம் பிரிந்திருந்தால் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள். தென்காசி 2019இல் திருநெல்வேலியிலிருந்தும், மயிலாடுதுறை 2020இல் நாகப்பட்டினத்திலிருந்தும் பிரிந்தன. "அன்றைய திருநெல்வேலி மாவட்டம்" என்று எழுதுவது, அந்தப் பழைய பிரிவுக்கும் உங்கள் எழுத்துக்கும் தொடர்பு இருந்தால் மட்டும்.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் டொரன்டோவை வதிவிடமாகவும் கொண்ட" என்ற வாய்பாடு மரண அறிவித்தல்களில் ஊறிப்போனது. உயிரோடிருப்பவர் குறிப்பில் அது வந்தால் படிப்பவர் மனம் துணுக்குறும். "கரவெட்டியில் பிறந்தவர், 1990 முதல் டொரன்டோவில் வாழ்கிறார்" என்று எழுதினால் போதும்.

படி 4: வேலையைச் சொல்லுதல்

பதவிப் பெயரைவிடச் செய்யும் காரியம் முக்கியம். "விவசாயி" என்பதைவிட "இரண்டு ஏக்கரில் மஞ்சளும் வாழையும் பயிரிடுகிறார்" ஆளைக் காட்டும். "தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார்" என்பது எதையும் காட்டாது. நிறுவனப் பெயரைச் சொல்லத் தயக்கம் இருந்தால் வேலையைச் சொல்லுங்கள்: லாரிக்கு லோடு பதிவு செய்கிறார், ஸ்கேன் சென்டரில் அறிக்கை தட்டச்சு செய்கிறார்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள் இந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது வழக்கம். அது தவறு. மாவு அரைத்து விற்பது, பீடி சுற்றுவது, நோயுற்ற மாமியாரைப் பார்த்துக்கொள்வது, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது எல்லாம் வேலை. "இல்லத்தரசி" என்ற ஒரு சொல்லுக்குள் அதை மூடிவிடாதீர்கள்.

தொழிலில் புழங்கும் சொற்களை அப்படியே வையுங்கள். திருப்பூர்க்காரர் கைமடி, ஓவர்லாக், செக்கிங் என்று சொன்னால்தான் அங்கே வேலை செய்தவர் எழுதியது என்று நம்பிக்கை வரும்.

காலத்தைக் குறிப்பதில் ஒரு கண்ணி உண்டு. "தற்போது", "15 ஆண்டுகளாக" என்று எழுதினால் அடுத்த பதிப்பு வரும்போது பொய்யாகிவிடும். புத்தகம் பத்தாண்டு அலமாரியில் இருக்கும். "2009 முதல்" என்று எழுதுங்கள், அது கெடாது.

படி 5: குடும்பம்

எவ்வளவு சொல்வது என்பதைவிட யாரிடம் கேட்டுச் சொல்வது என்பதே இங்கே முதல் கேள்வி. கணவர், மனைவி, பெற்றோர் பெயரைப் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். "இரண்டு பிள்ளைகள்" போதும். பிறந்த ஆண்டு போதும், நாளும் மாதமும் வேண்டாம். முழுப் பிறந்த தேதியும் அம்மாவின் பெயரும் வங்கியில் அடையாளம் சரிபார்க்கக் கேட்கும் விவரங்கள். மோசடிக்காரர்கள் தேடுவதும் அவற்றையே.

உங்கள் எழுத்துக்கோ வேலைக்கோ வழி காட்டிய உறவினர் இருந்தால் அவரை ஒரு வாக்கியத்தில் கொண்டு வாருங்கள். உறவுச் சொல்லை மாற்ற வேண்டாம். அப்பத்தா என்று கூப்பிட்டவர் அப்பத்தாவாகவே இருக்கட்டும், அம்மம்மா அம்மம்மாவாகவே இருக்கட்டும். "அப்பத்தா சொன்ன விடுகதைகளைத் தொகுத்து வருகிறார்" என்ற வரியில் குடும்பமும் வட்டாரமும் வேலையும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

படி 6: அடையாளம்

மலையகத் தமிழர், திருநங்கை, திருநம்பி, மாற்றுத்திறனாளி, கிறித்தவர், இசுலாமியர், தலித் என்று எதைச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் முடிவு. எழுதும் பொருளோடு அந்த அடையாளத்துக்கு உறவு இருந்தால் முன்னால் வையுங்கள். உறவு இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். பதிப்பாளர் கேட்கிறார் என்பதற்காக மட்டும் சொல்லாதீர்கள்.

எந்தச் சொல் என்பதிலும் உறுதியாக இருங்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் "இந்தியத் தமிழர்" என்று பதியப்பட்டு வந்தவர்களில் பலர் தங்களை மலையகத் தமிழர் என்றே சொல்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்கிறவரானால், "மலையகத் தமிழர் என்ற சொல்லை மாற்ற வேண்டாம்" என்று குறிப்பின் கீழே இதழாசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். கேட்காமல் திருத்தியபின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

படி 7: கோத்தல்

இருபது தகவல்களையும் பரப்பி வைத்து, நான்கு கட்டங்களையும் தொட்டுப் போகும் ஓர் இழையைத் தேடுங்கள். அந்த இழையில் சேராதது எவ்வளவு பெருமையானதாக இருந்தாலும் இந்தக் குறிப்புக்கு வேண்டாம். பள்ளியில் வாங்கிய பேச்சுப் போட்டிப் பரிசு பெரும்பாலும் இங்கேதான் கழன்று விழும்.

ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். நெசவாளர் வீட்டுப் பெண், திருப்பூரில் தையல் வேலை, சிறுகதை எழுதுகிறார். முதலில் பின்னட்டைக்கான 30 சொல், படர்க்கையில்:

"விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தில் 1988இல் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2009 முதல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தையல்காரர். நெசவையும் தையலையும் களமாகக் கொண்டு சிறுகதைகள் எழுதுகிறார். கணவர், இரண்டு பிள்ளைகளுடன் திருப்பூரில் வசிக்கிறார். இது இவரது முதல் தொகுப்பு."

அதே சரக்கு, தன்மையில், கொஞ்சம் நீளமாக:

"எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி இருந்தது. விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தில் 1988இல் பிறந்தேன். அப்பா சேலை நெய்தார். அம்மா ராட்டையில் தார் சுற்றினார். பள்ளி விட்டு வந்ததும் அந்த ராட்டை என் கைக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 2009இல் திருமணமாகித் திருப்பூர் வந்தேன். அன்று முதல் பனியன் கம்பெனியில் வேலை: முதலில் கைமடி, பிறகு ஓவர்லாக். கணவர் கட்டிங் மாஸ்டர். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். கம்பெனிப் பேருந்தில் வீடு திரும்பும் நேரத்தில் கைபேசியில் கதைகளைத் தட்டச்சு செய்கிறேன். நெய்பவரும் தைப்பவரும் பேசும் பேச்சிலேயே எழுதுகிறேன்."

இரண்டாவதில் "நான்" ஒருமுறைகூட வரவில்லை. பிறந்தேன், வந்தேன் என்று வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கினால் காதில் இடிக்கும். திறமை, ஆர்வம், கனவு என்ற சொற்களும் இல்லை. பள்ளி விட்டதும் ராட்டை சுற்றியவர், பேருந்தில் கதை எழுதுகிறவர் என்றதும் உழைப்பும் ஆசையும் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

தன்மையா படர்க்கையா என்பதை இடம் முடிவு செய்யும். பின்னட்டை, இதழ், அழைப்பிதழ் என்றால் படர்க்கை. புத்தகத்தின் என்னுரை, சங்கத்தில் உறுப்பினராகச் சேரும் கடிதம் என்றால் தன்மை. இரண்டையும் ஒரே குறிப்பில் கலப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை: "பிறந்தவர்" என்று தொடங்கி "எழுதி வருகிறேன்" என்று முடிப்பார்கள்.

படி 8: சோதித்தல்

ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொருவர் பெயருக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடுங்கள். "வாசிப்பில் ஆர்வம் கொண்டவர்" யாருக்கும் பொருந்தும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டி ஆண்டுகளைச் சரிபாருங்கள். திருமண ஆண்டும் வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் அடிக்கடி இடம் மாறிவிடும்.

படி 9: அனுப்புதல்

யூனிகோடில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி அனுப்புங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால் எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாதபோது புரியாத குறிகளாகத் தெரியும். கோப்புப் பெயரில் மாதமும் ஆண்டும் இருக்கட்டும். அடுத்த முறை பழையதைத் தவறி அனுப்ப மாட்டீர்கள்.

மேடைக்கான குறிப்பு என்றால் அதைத் தனியாக எழுத வேண்டும். தொகுப்பாளர் ஒரு நிமிடத்தில் படிக்க 80 முதல் 100 சொல் போதும். அடைப்புக்குறி, சுருக்கெழுத்து, நீண்ட பட்டப்படிப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எண்களை எழுத்தால் எழுதுங்கள். "2009" என்பதை மேடைப் பதற்றத்தில் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். ஊர்ப்பெயரை நிகழ்ச்சிக்கு முன் தொகுப்பாளரிடம் ஒருமுறை உச்சரித்துக் காட்டுங்கள். தாளைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் அச்சிட்டு, ஒரு பிரதியை உங்கள் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பியது நிகழ்ச்சி நாளில் அவர் கையில் இருக்கும் என்ற உறுதி கிடையாது.