கேம்ஷாஃப்ட் மாற்றுவது எப்படி: கேப் போல்ட்டில் அவசரம் வேண்டாம்

கேம்ஷாஃப்ட் (வால்வ்களைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்ற பலம் தேவையில்லை, வரிசை தவறாமல் செய்தால் போதும். இங்கே சொல்வது டைமிங் பெல்ட் உள்ள இரட்டை கேம் எஞ்சினுக்கு. சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். டார்க் அளவும் (போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது) டைமிங் குறிகளும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

எஞ்சின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வால்வ் கவர், டைமிங் கவர், ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி டைமிங் குறிகளை நேராக்குங்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி அதைக் கழற்றலாம். அதன்பிறகு மேனுவல் சொன்னால் தவிர கிராங்க்கைச் சுற்றாதீர்கள். பல எஞ்சின்களில் பிஸ்டன் இடித்து வால்வ் வளைந்துவிடும். கேம் புல்லியைக் கழற்றும்போது, கேம்ஷாஃப்ட்டிலேயே இருக்கும் அறுகோணப் பகுதியை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம்: கேமை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) பிடித்திருக்கும் கேப்புகளைக் கழற்றுவது. சில வால்வ்கள் திறந்த நிலையில் இருக்கும். அவற்றின் ஸ்பிரிங்குகள் கேமை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனையை மட்டும் முழுசாகத் தளர்த்தினால் கேம் வளையும், உடையவும் செய்யும். அதனால் வெளி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு கேப் போல்ட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து வாருங்கள். கேப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். அது எல்லா கேப்பிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேப்புகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும்; ஹெட்டோடு சேர்த்தே கடைந்தவை என்பதால் இடம் மாறினால் கேம் இறுகிவிடும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் டேப்பெட்டுகளையும் அதே வரிசையில் அடுக்கி வையுங்கள். மேல்பரப்பு தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுவதே நல்லது.

புது கேமைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் கேம்கள் வேறு வேறு. லோப்களிலும் (கேமின் முட்டை வடிவ மேடுகள்) பேரிங் பகுதிகளிலும் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது பூசும் மசகு) தாராளமாகத் தடவி, மேனுவல் காட்டும் நிலையில் உட்கார வையுங்கள். முடுக்கும்போது நடுவிலிருந்து வெளியே, பல சுற்றுகளாக. 6 மி.மீ. போல்ட் என்றால் டார்க் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அலுமினிய ஹெட்டில் மரை சுலபமாகக் கழன்றுவிடும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்க வேண்டாம்.

புது ஆயில் சீல், புல்லி, பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் மாட்டுங்கள். சரி, உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று முடிக்கும்; குறிகள் மறுபடி நேராக வர வேண்டும். எங்காவது தட்டினால் நிறுத்திவிட்டு டைமிங்கைப் பாருங்கள். ஹைட்ராலிக் டேப்பெட் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வகை) இல்லையென்றால் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) வைத்து வால்வ் இடைவெளியை அளந்து சரிசெய்யுங்கள். புது கேஸ்கெட்டுடன் கவரை மூடி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் முதலில் கொஞ்சம் டிக்டிக் சத்தம் வந்து அடங்கும். அடங்காவிட்டாலோ ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள்.