வாஷிங்டன் சம்மதித்தால் போதாது: போட்டிச் சட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளின் போட்டிச் சட்டங்கள், அதாவது நிறுவனங்கள் சந்தையில் போட்டியைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் சட்டங்கள், ஒன்றை ஒன்று நெருங்கி வருவது உண்மைதான். அதனால் தீர்ப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

ஜெனரல் எலக்ட்ரிக், ஹனிவெல் இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். 4,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள அவர்களுடைய இணைப்புக்கு அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் சில நிபந்தனைகளோடு சம்மதித்தது. 2001 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முடியாது என்றது. பேரம் அதோடு முடிந்தது. ஒருவர் விமான எஞ்சின் செய்பவர், மற்றவர் விமானி அறைக் கருவிகள் செய்பவர். இரண்டையும் சேர்த்துக் கட்டி மலிவாக விற்பார்கள் என்ற பேச்சு வந்தது. விலை குறைந்தால் வாங்குபவருக்கு நல்லதுதானே என்று அமெரிக்கா பார்த்தது. எஞ்சின் மட்டும் விற்கும் போட்டியாளர் நாளைக்குத் தாக்குப்பிடிப்பாரா என்று ஐரோப்பா கேட்டது. எனக்கு இரண்டுமே நியாயமான கேள்விகளாகத்தான் படுகின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேசப் போட்டி வலையமைப்பு தொடங்கியது. இன்று பல நாடுகளில் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் 130-க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால் அது நல்ல நடைமுறைகளைப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான், யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் முடிவுகள் இன்னும் வேறுபடுகின்றன: மைக்ரோசாஃப்ட், வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை வாங்க முயன்றபோது, 2023 ஏப்ரலில் பிரிட்டன் தடுத்தது, மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையோடு அனுமதித்தது.

அடுத்த தவறு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை எழுதுவது. டெல்லியில் "எங்கள் சந்தை உலகச் சந்தை" என்று விண்ணப்பத்தில் சொல்லிவிட்டு, ஐரோப்பிய ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் அதே பொருளுக்கு "ஐரோப்பா மட்டும்தான்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நிறுவனம் ரகசியத் தகவலைப் பகிரச் சம்மதம் கொடுத்திருந்தால், அதிகாரிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள்.

இந்தியாவில் நமக்கு விற்பனை குறைவு, தகவல் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிடுவதும் இப்போது ஆபத்து. 2024 செப்டம்பர் 10 முதல், பேர மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இங்கே கணிசமான தொழில் இருந்தால், இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும். பேரம் வெளிநாட்டில் நடந்தாலும் சரி.

கார்ட்டெல் விஷயத்தில், அதாவது போட்டியாளர்கள் ரகசியமாகக் கூடி விலையை முடிவு செய்யும் விஷயத்தில், இன்னும் கவனம் தேவை. பிரஸ்ஸல்ஸில் முதலில் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கியவர், அமெரிக்காவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முழு விலக்கு முதலில் வந்தவருக்கு மட்டுமே. ஐரோப்பிய ஆணையம் நிறுவனத்துக்கு அபராதம் போடும். அமெரிக்காவிலோ விலை பேசி முடித்த நிறுவன அதிகாரிக்கே 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.