நிழல் விழும் தொட்டியில் அல்லி பூக்க

மதுரைப் பக்கம் கொல்லைத் தொட்டி பெரும்பாலும் வேப்ப மரத்தடியில்தான் இருக்கும். இலை தளதளவென்று பரவும், மொட்டுதான் வராது. முதலில் வெயிலை அளந்து பாருங்கள். காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கொரு முறை, நேர் வெயில் தண்ணீரில் படுகிறதா என்று குறித்தால் போதும். பெரும்பாலான அல்லிகளுக்கு 5, 6 மணி நேரம் வேண்டும். 3, 4 மணி நேரம்தான் என்றால் நர்சரியில் ‘டாபென்’ ரகம் கேளுங்கள். இலை நடுவிலேயே குட்டிச்செடி விடும் வெளிர்நீல அல்லி அது. இரவில் பூக்கும் அல்லிக்கும் பகல் வெயில் தேவை, இதில் பலரும் ஏமாறுகிறார்கள்.

தென்னைநார்க்கழிவு வேண்டாம், மிதக்கும். கண்மாய் வண்டலை அகலமான பேசினில் நிரப்பி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். குருத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். ஆழம் கூடினால் இருக்கிற வெளிச்சமும் குறையும்.

மாதம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் டிஏபி உரத்தைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, வேரோரம் நாலு விரல் ஆழத்தில் அழுத்துங்கள். மேலே தூவினால் தண்ணீர் பச்சைப்பாசியாகிவிடும். யூரியா போட்டால் வெறும் இலைதான். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பழையதை அடித்தண்டோடு கிள்ளிவிடுங்கள். மாசி, பங்குனியில் உதிரும் வேப்பிலையைத் தினமும் அரித்தெடுக்க வேண்டும்.