ஆப்பிள்கிராஸுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் சாலையைப் பற்றி

பெயரைப் பார்த்து ஆப்பிள் தோட்டத்தை எதிர்பார்த்து வராதீர்கள். 'அபெர் கிராஸன்', அதாவது கிராஸன் ஆற்றின் கழிமுகம் என்ற பழைய பெயர் ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து ஆப்பிள்கிராஸ் ஆனது. தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன மாதிரிதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ராசே தீவையும் அதற்குப் பின்னால் ஸ்கை தீவின் மலைகளையும் பார்த்தபடி ஒரே வரிசையாகச் சில வெள்ளை வீடுகள். எதிர்ச்சாரி கிடையாது, எதிரே கடல்தான். இந்த வரிசைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வெறும் 'ஸ்ட்ரீட்'. காமஸ்டீல், கல்டூயி, டோஸ்கேக் என்று கரையோரமாக இன்னும் சில குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மொத்தத் தீபகற்பத்திலும் சேர்த்தே சில நூறு பேர்தான்.

நான் இங்கே வந்து சில குளிர்காலங்கள் ஆகின்றன. சமையல் வேலைக்கு, மருத்துவ வேலைக்கு, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்க என்று இந்தப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு நம்மவர்கள் ஒன்றிரண்டு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. குளிர் ஒரு விஷயமே இல்லை. கடலோரம் என்பதால் பனி கூட ஊருக்குள் அதிகம் தங்காது. கேட்க வேண்டியது சாலையைப் பற்றி.

ஊருக்குள் வர இரண்டே வழி. ஒன்று, 'பியாலாக் ந பா' என்ற மலைப்பாதை. இந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் மாடுகளின் கணவாய் என்று பொருள். ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போன வழி. கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறி மறுபடி கடல் மட்டத்துக்கே இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள், சில இடங்களில் ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற ஏற்றம். பயிற்சி ஓட்டுநர்களும், மிகப் பெரிய வண்டிகளும், கேரவன்களும் போவது நல்லதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை மதிக்காதவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம். இன்னொன்று, ஷீல்டெய்க் வழியாகக் கரையோரம் சுற்றி வரும் சாலை. இது 1970களில்தான் போடப்பட்டது. அதற்கு முன்பு வடக்கோரக் கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதையும் படகும்தான். குளிர்காலத்தில் கணவாய் பனியால் மூடிவிட்டால் இந்தச் சுற்றுச் சாலைதான் கதி.

இரண்டும் ஒற்றை வண்டி அகலச் சாலைகள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே 'பாசிங் பிளேஸ்' இருக்கும். அது உங்கள் இடது பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலது பக்கம் இருந்தால் உள்ளே போகாமல் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நில்லுங்கள். எதிர் வண்டி சுற்றிக்கொண்டு போகும். ஏறி வருபவருக்கு முடிந்தவரை வழி விட வேண்டும். பின்னால் யாராவது வந்தால் ஒதுங்கி அவரை முன்னே போக விடுங்கள். அவர் மருத்துவரைப் பார்க்கவோ ரயிலைப் பிடிக்கவோ ஓடுபவராக இருக்கலாம். அந்த இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்காதீர்கள். அப்புறம், எதிரே வருகிற எல்லோருக்கும் கையை உயர்த்துங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் கூடப் போதும். முதல் மாதம் நான் தெரிந்தவர்களுக்கு மட்டும் கை காட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தவள் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளோ என்று பேச்சு கிளம்பியதாகப் பிறகு பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2015இல் வடக்குக் கரையைச் சுற்றும் 'நார்த் கோஸ்ட் 500' என்ற சுற்றுலாப் பாதையை அறிவித்த பிறகு, கோடையில் உள்ளேயே படுத்து உறங்கும் வசதியுள்ள கேம்பர்வேன்கள் வரிசையாக வருகின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் பாதிப் பேருக்குப் பின்னால் போகத் தெரியாது. ஒரு முறை கணவாயில், பின் இருக்கையில் அரிசி மூட்டையும் மடியில் பிளாஸ்கும் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் பள்ளம் தெரிய, கால் மைல் நான்தான் பின்னால் போக வேண்டியிருந்தது. இரவில் வேறு பிரச்சினை: மான்கள். குளிர்காலத்தில் செம்மான்கள் மேலே புல் கிடைக்காமல் ஊருக்குள் இறங்கிவிடும். ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் நான்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் உரிமத்தை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கத்தியத் தேர்வை முடித்துவிடுங்கள். பதினோராவது மாதத்தில் தேதி தேடினால் கிடைக்காது. கார் இல்லாமல் இங்கே வாழ்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே எதையும் மைலில் கணக்குப் போடாதீர்கள். இன்வர்னஸ் சுமார் 80 மைல். ஆனால் போய் வருவதற்கு ஒரு முழு நாள். பெரிய கடைக்கு மாதம் ஒரு முறை அல்லது இரண்டு முறை போவோம். கிளம்புமுன் யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம். நீங்கள் கேட்டால்தான் அவர்களும் உங்களைக் கேட்பார்கள். ஊரில் சின்னக் கடை ஒன்று உண்டு, ஊர்க்காரர்களே நடத்தும் பெட்ரோல் நிலையமும் உண்டு. டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். இணையத்தில் வாங்குவதிலும் ஒரு எரிச்சல்: 'பிரிட்டன் முழுவதும் இலவச டெலிவரி' என்று போட்டிருப்பார்கள், நம் அஞ்சல் குறியீடு ஐவி (IV) என்று தொடங்குவதைப் பார்த்ததும் தனிக் கட்டணம் கேட்பார்கள். நாம் இருப்பது தீவு இல்லை என்று அவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. துவரம் பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஆறு மாதத்துக்குச் சேர்த்தே வாங்கிவிடுவது மேல். கறிவேப்பிலையை உறைபெட்டியில் போட்டு வையுங்கள், மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மாவு புளிக்காதது பற்றி எல்லோரும் புலம்புவார்கள். பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு அலமாரி இருக்கும், இவர்கள் துணி காயவைக்கப் பயன்படுத்துவது. மாவுப் பாத்திரத்தை இரவு அதற்குள் வைத்துவிடுங்கள். காலையில் பொங்கி நிற்கும். வீட்டு உரிமையாளரின் போர்வையில் வழியாமல் அடியில் ஒரு தட்டு வையுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன். மீனுக்குக் குறையே இல்லை. கூண்டு வைத்துப் பிடிக்கும் லாங்குஸ்தீன் இறால் இந்தக் கடலின் பெருமை. பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடும். படகுக்காரரிடம் பழக்கம் வைத்துக்கொண்டால் உயிரோடு கிடைக்கும். கோடையில் பாறை மேல் நின்று தூண்டில் போட்டாலே கானாங்கெளுத்தி மாட்டும். நம் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான மீன் இந்த நாட்டில் இல்லை என்பது என் கருத்து. குழாய்த் தண்ணீர் சில வீடுகளில் வெளிறிய தேநீர் நிறத்தில் வரும். மலையில் செடிகொடிகள் மக்கிக் கறுத்த 'பீட்' நிலத்தின் நிறம் அது. ஆனால் ஓடையிலிருந்து நேராக வரும் தனியார் இணைப்பு என்றால், வடிகட்டியும் புற ஊதா விளக்கும் வேலை செய்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் குடியேறுங்கள்.

வீட்டைச் சூடாக்க எண்ணெய்த் தொட்டி இருக்கும். அந்த எண்ணெய் வேறொன்றுமில்லை, மண்ணெண்ணெய்தான். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். புயல் காலத்தில் மின்சாரம் போகும். அப்போது 105க்கு அழைக்க வேண்டும். மின்சாரம் போனால் வைஃபையும் போகும், கைபேசிக்கோ சிக்னல் பல இடங்களில் இருக்காது. விறகு அடுப்பு உள்ள வீடாகப் பாருங்கள். வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம், நல்ல வீடுகள் பல விடுமுறைக்கு விடப்படுகின்றன. 'கிராஃப்ட்' என்கிற சிறு விவசாய நிலத்தோடு வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் நிதானியுங்கள். அந்த நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைச் சும்மா போடக் கூடாது என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வந்த வாரமே ஜிபியிடம், அதாவது உள்ளூர்ப் பொது மருத்துவரிடம், பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, 2011 முதல் அப்படித்தான். அவசரம் இல்லாத உதவிக்கு 111, உயிர் போகிற அவசரத்துக்கு 999. சில நேரம் ஹெலிகாப்டர்தான் வரும். வைட்டமின் டி-யை அலட்சியம் செய்யாதீர்கள். நம் நிறத் தோலுக்கு ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் காலை ஒன்பது மணிக்கு விடிந்து மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதுவும் மேகம் இல்லாத நாளில். அந்த இருட்டு முதல் வருடம் ஆளை அழுத்தும். மதியம் மழையோ காற்றோ, அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். குடை வேண்டாம், இந்தக் காற்றில் ஒரே நாளில் எலும்புக்கூடாகிவிடும். நீர் புகாத சட்டையும் கால்சட்டையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போதும். ஜூனில் இதற்கு நேர்மாறு, இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம். தடிமனான திரைச்சீலை வாங்கி வையுங்கள்.

கோடையின் விலை மிட்ஜ். கண்ணுக்கே சரியாகத் தெரியாத கடிபூச்சி, மே முதல் செப்டம்பர் வரை, விடியலிலும் அந்தியிலும், காற்று நின்ற நேரத்தில் படை படையாக வரும். லேசான காற்று அடித்தாலே பறக்காது. அதனால்தான் இங்குள்ளவர்கள் காற்றைத் திட்டுவதில்லை. துணி உலர்த்தப் போகும்போது கூடத் தலைக்கு வலை போடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. புதருக்குள் நடந்து வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்து, அதற்கென்று விற்கும் சிறு கொக்கியால் எடுத்துவிடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

நடக்க மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால், தனியார் மலையிலும் நடக்கலாம். கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், குட்டி போடும் காலத்தில் ஆடுகள் பக்கம் நாயை விடாதீர்கள், அவ்வளவுதான். ஏறி உட்காருகிற அந்தச் செம்பழுப்புப் பாறை ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு பழையது. அக்டோபரில் அங்கிருந்து கேட்டால், மலைச்சரிவில் ஆண் மான்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமுவது கேட்கும். முதல் வருடம் யாரோ மாடு வலியில் கத்துகிறது என்று நினைத்து ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கடைசியாக ஒன்று. ஊர் மண்டபத்தில் 'கேய்லி' என்று ஆட்டமும் பாட்டும் நடக்கும். அழைப்பிதழ் எல்லாம் வராது, கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கையில் ஒரு டப்பா மசால் வடையோடு போங்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கூடவே டப்பாவின் அடியில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள். மறுநாள் அது வாசலுக்குத் திரும்பி வரும்போது காலியாக வராது, முட்டையோ, 'ஸ்கோன்' என்ற சின்ன ரொட்டியோ ஏதாவது ஒன்று இருக்கும்.