நன்கொடையாளர் விபரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் முன்

திருகோணமலையில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் நன்கொடையாளர் விபரங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளிலும், பலர் கைமாறிய ஓர் எக்செல் கோப்பிலும், வங்கிக் கூற்றுகளிலுமாகச் சிதறிக் கிடப்பது வழக்கம். முதலில் மூலக் கோப்பை எவரும் தொடாதவாறு தனியே வைத்துவிட்டு, அதன் பிரதியில் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஓர் இலக்கமிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மிகுந்த கவனம் பெயருக்கே தேவை. வெளிநாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு நிரல்களைக் கேட்கும். நமக்கோ குடும்பப்பெயர் என்று ஒன்றில்லை. கந்தையா சிவலிங்கம் என்பதை எழுதிய வரிசையிலேயே பிரித்தால் ‘அன்புள்ள கந்தையா’ என்று நன்றிக் கடிதம் போகும். அது அவருடைய தந்தையின் பெயர், தந்தை காலமாகியும் இருக்கலாம். எனவே முழுப்பெயரை ஒரு நிரலிலும், கடிதத்தில் விளிக்க வேண்டிய பெயரை இன்னொரு நிரலிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகள், ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் பாமினி எழுத்துருவில் இருந்தால், ‘தமிழ்’ என்னும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும்; புதிய மென்பொருளும் அதை அவ்வாறே காட்டும். அந்தக் கலங்களை மட்டும், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய முகவரிகளையும் சேர்த்து மாற்றினால் அவை உருக்குலைந்துவிடும்.

தொலைபேசி நிரலை எழுத்து வடிவமாக வைக்காவிட்டால், 026 என்பதன் முன் பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும். திகதிகளை 2019-04-03 என ஆண்டை முன்னிறுத்தி எழுதினால் மாதமும் நாளும் இடம் மாறா. அடையாள அட்டை இலக்கம் உண்மையில் தேவையா என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்து, தேவையற்றதைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகாதிருப்பதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து வந்த தொகைக்கு நாணயம், அந்த நாணயத்திலான தொகை, வரவு வைத்த நாளின் ரூபாய்ப் பெறுமதி ஆகிய மூன்றையும் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியதால், இன்றைய விகிதத்தில் மீண்டும் கணக்கிட்டால் பழைய பற்றுச்சீட்டோடு எதுவும் பொருந்தாது.

திவசத்தை முன்னிட்டு மதிய உணவுக்குப் பணம் அனுப்புவோரின் பதிவுகளை நான் தனியாகவே கையாளச் சொல்வேன். திதி ஆண்டுதோறும் வேறு திகதியில் வருவதால், சென்ற ஆண்டுத் திகதியை நினைவூட்டலாக ஏற்றுவது பிழை. மறைந்தவர் பெயர், உறவுமுறை, தமிழ் மாதம், பிறை, திதி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் வேண்டும். குறிப்புப் பகுதியில் திணித்தால் அவற்றைப் பின்னர் தேடியெடுக்க முடியாது.

இரட்டைப் பதிவுகளைப் பெயரை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். ‘திரு’ என்பதை ஆங்கிலத்தில் ஒருவரே ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதியிருக்கலாம். அதே பெயரில் நிலாவெளியில் ஒருவரும் ரொறன்ரோவில் வேறொருவரும் இருக்கலாம். தொலைபேசியோ மின்னஞ்சலோ ஒத்துப்போனால் மட்டும் இணையுங்கள். காலமானவர்களை அழிக்காமல் அடையாளமிட்டு வைத்தால், கடிதம் போகாது, கணக்கும் குறையாது.

கோப்பை யூடிஎப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) வடிவிலான சிஎஸ்வியாக, அதாவது நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்து, முதலில் இருபது பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். முழுவதையும் ஏற்றிய பின் பதிவுகளின் எண்ணிக்கையும் ஒவ்வோர் ஆண்டின் மொத்தத் தொகையும் பழைய கோப்போடு ஒத்துப்போகும்வரை, புதிய மென்பொருளிலிருந்து ஒரு பற்றுச்சீட்டும் வெளியே போகக்கூடாது.