எம்பிஏ ப்ராஜெக்டை நம்ம ஏரியாவிலேயே செய்வது எப்படி

நான்காவது செமஸ்டர் வந்ததும் எல்லோரும் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் ஓடுகிறார்கள். ஏதாவது ஒரு கம்பெனியில் லெட்டர் வாங்கி, ஊழியர்களின் மனநிறைவு பற்றி நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, வந்ததை வைத்து நாலு பை சார்ட் போட்டால் ப்ராஜெக்ட் முடிந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளும் இதையே செய்வதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. துறைமுகம், மணலி ஆலைகள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகள், காசிமேட்டு மீன் ஏலம் எல்லாம் நம் வாசலிலேயே இருக்கின்றன. நான் காசிமேட்டில்தான் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கேள்வி. தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ஒரு விஷயத்தில் எது இன்னும் புரியவில்லையோ அதை எடுங்கள். எனக்கு அது தண்டல். பத்தாயிரம் கடன் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்கும்போது பத்து சதவீத வட்டி போலத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதனால் எக்செலில் ரேட் ஃபங்ஷனில் 100, -100, 9000 என்று போட்டுப் பாருங்கள், நாளுக்கு 0.21 சதவீதம் சொச்சம் வரும். அதை 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. இன்னொரு பக்கம், தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனும் 2025 வரை அதே பத்தாயிரமாகத்தான் இருந்தது, அதில் வட்டி மானியமும் உண்டு. பிறகும் ஏன் தண்டல்? இந்த ஒரு வரி கிடைத்ததும் பாதி ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி.

அப்புறம் பழைய மாணவர்களைத் தேடுங்கள். அலும்னி மீட்டில் கை குலுக்கி செல்ஃபி எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். நம் துறையில் படித்து இன்று வங்கியிலோ, துறைமுகத்திலோ, கிளியரிங் ஏஜென்சியிலோ இருப்பவர்களை லிங்க்ட்இனில் தேடி, "அண்ணா, வேலை கிடைக்குமா" என்று ஆரம்பிக்காமல், உங்கள் கேள்வியை இரண்டே வரியில் எழுதி, பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். ஆறேழு பேருக்கு அனுப்பினால் இரண்டு பேராவது பதில் போடுவார்கள். எனக்குப் பதில் சொன்ன சீனியர் அக்கா வங்கிக் கிளையில் இருந்தார். கடன் விண்ணப்பம் எந்த இடத்தில் தடங்கி நிற்கிறது, எந்தக் காகிதம் இல்லாமல் திரும்புகிறது என்று அவர் சொன்னது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி ஒரு மெசேஜ், ரிப்போர்ட் முடிந்ததும் ஒரு பிரதி. இதை மறக்கவே கூடாது.

களத்துக்குப் போவதுதான் பெரிய வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். ப்ராஜெக்டோ சரியாக அந்த நேரத்தில்தான் சூடு பிடிக்கும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே பேட்டிகளை முடித்துவிடுங்கள். ஏலம் விடியலுக்கு முன்பே நடக்கும், அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள், ஆனால் கேள்வி கேட்காதீர்கள், அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. தெருவில் உட்கார்ந்து விற்கும் அக்காக்களிடம் கூடை காலியாகும் நேரத்தில் போனால் நிதானமாகப் பேசுவார்கள்.

என் முதல் நாள் வீணாய்ப் போனது. முழுதும் ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன் என்று ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாளோடு போனேன். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஒரு ஆயா கத்தியை நிறுத்தி, "ஓரளவுன்னா என்னப்பா? வாங்குறேன், கட்டுறேன், அவ்ளோதான்" என்றார். கையில் செதில் ஒட்டியிருக்க, என் தாளை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார். அன்று இரவே எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், கையில் எவ்வளவு வந்தது, ஒரு நாள் கட்ட முடியாமல் போனபோது என்ன நடந்தது. நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள். ஐஸ் வாங்கக் காசு இல்லாத அதிகாலையில் எந்த வங்கி திறந்திருக்கும் என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டார், அதுதான் என் ஐந்தாம் அத்தியாயமே.

கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் இருக்கட்டும். "எந்த பேங்க்ல இருந்து வர்ற?" என்றுதான் முதலில் கேட்பார்கள், கடன் வாங்கித் தருவேன் என்று பேச்சுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பெயர் எழுத வேண்டாம், அ1, அ2 என்று எண் போதும். தண்டல் கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சாம்பிள் பற்றி கைடு கண்டிப்பாகக் கேட்பார். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரப்படி 5 சதவீதப் பிழைக்குக் கிட்டத்தட்ட 400 பேர் வேண்டும் என்பார்கள். ஆனால் அதற்கு மொத்தப் பேரின் பட்டியல் கையில் இருக்க வேண்டுமே, மீன் விற்பவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் என்னிடம் இல்லை. ஒருவர் சொல்லி அடுத்தவரைச் சந்தித்தேன், மொத்தம் 62 பேர், எனவே இதை எல்லோருக்கும் பொதுவான முடிவாகச் சொல்ல முடியாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் அப்படியே எழுதினேன். வைவாவில் ஒரு குறையும் சொல்லவில்லை. எண்ணிக்கைக்காகத் தாளை நீங்களே நிரப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

முடித்ததும் ஒரு நாள் திரும்பப் போங்கள். அந்த 77 சதவீதக் கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன், இரண்டு பேர் ஸ்வநிதி விண்ணப்பத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார்கள், சீனியர் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு கேள்வித்தாள், பெயர் இல்லாத எக்செல், கள நோட்டின் நகல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுத் துறையில் கொடுத்துவிட்டு வாருங்கள். என் ஃபோல்டரைக் கேட்டு வாங்கிய காசிமேட்டுத் தங்கை ஒருத்தி இப்போது ஐஸ் விலையை எடுத்திருக்கிறாள்.