பிடித்த இயக்குநரின் அடிதடிப் படம் ஏமாற்றினால் என்ன செய்வது?

படம் முடிந்து வெளியே வந்த சூட்டில் யாருக்கும் எதுவும் எழுதி அனுப்பாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடங்களாக நான் தலையில் வைத்துக் கொண்டாடிவரும் ஓர் இயக்குநர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவருடைய புதிய படத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, அன்றிரவே நண்பருக்கு எழுதினேன்: "ஒரே ரத்தம், கதையே இல்லை." அவர் திருப்பிக் கேட்டார்: "அவருடைய பழைய படங்களில் மட்டும் ரத்தம் குறைவா?" எனக்குப் பதில் வரவில்லை. குறைவே இல்லைதான். அப்படியானால் எது கெட்டுப்போனது?

அதைக் கண்டுபிடிக்க, மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்து, நினைவில் நிற்பதை மட்டும் எழுதுங்கள். எனக்கு நான்கு வரிதான் தேறியது. அதில் மூன்று, சண்டைக்கு வெளியே நடப்பவை. இரண்டரை மணி நேரம் அடிதடி பார்த்தவனுக்கு ஓர் அடிக்கு மேல் மனதில் தங்கவில்லை என்றால், எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை வீட்டில் பாருங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். பென்சிலும் நோட்டும் போதும். ஒருவர் செத்தால் ஒரு கோடு. இந்தக் கணக்கை நான் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவிடம் கற்றேன். 1954இல் வந்த 'செவன் சாமுராய்' படத்தில் கிராமத்தைச் சூறையாட வரும் கொள்ளையர்கள் 40 பேர். கிராமத்தைக் காக்கும் சாமுராய் வீரர்களின் தலைவர் கம்பெய் தாளில் வட்டங்கள் வரைந்து வைத்துக்கொண்டு, ஒருவன் விழ விழ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். மிச்சம் எத்தனை பேர் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒருவன் குறைந்தால் கிராமம் ஓர் அடி பிழைக்கிறது. என் நோட்டில், புதிய படத்தின் மாடிப்படிச் சண்டைக்கு 31 கோடுகள் வரை போட்டேன். அதன் பிறகு கை ஓய்ந்துவிட்டது. 31 என்றாலும் 50 என்றாலும் அடுத்த காட்சியில் ஒன்றும் மாறப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும். அந்தச் சாவை யாராவது எத்தனை நொடி திரும்பிப் பார்க்கிறார்கள்? என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. இதே இயக்குநரின் பழைய படம் ஒன்றில் ஒருவன் முதல் கொலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வருவான். சாவி பூட்டுக்குள் போகாது. கை நடுங்கி, சாவி கீழே விழும், எடுப்பான், மறுபடி விழும். உள்ளேயிருந்து குழந்தை "யாரு?" என்று கேட்கும். அவன் பதில் சொல்ல மாட்டான். புதிய படத்தில் நாயகன் படிக்கட்டில் அத்தனை பேரைச் சாய்த்துவிட்டு, அடுத்த ஷாட்டில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். என் நோட்டில் அந்தப் பக்கம் முழுவதும் பூஜ்யம்.

அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு ஒரு சண்டையைப் பாருங்கள். முரசும் அலறலும் போனபின் எஞ்சுவதுதான் காட்சி. அப்போது வெட்டுகளை எண்ணலாம் (கத்தி வெட்டு அல்ல, படத்தொகுப்பாளரின் வெட்டு). ஆனால் வெட்டு அதிகம் என்பதாலேயே குறை சொல்லிவிடாதீர்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலைக் காட்சி மொத்தமே சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். வெட்டுகளோ ஐம்பதைத் தாண்டும். அதை எடுக்க ஒரு வாரம் பிடித்தது. இருந்தும் யார் எங்கே நிற்கிறார் என்ற குழப்பம் வருவதே இல்லை. ஆகவே சோதனை இதுதான்: சண்டை நடக்கும் இடத்தைத் தாளில் வரைய முடிகிறதா? நான் மாடிப்படியை வரைந்தேன். கதவு முதலில் வலப்பக்கம் இருந்தது, பிறகு இடப்பக்கம் போனது, கடைசியில் கதவே இல்லை.

பழி போடுவதற்கு முன் பெயர்ப்பட்டியலையும் பார்த்துவிடுங்கள். ஸ்டன்ட் இயக்குநரோ படத்தொகுப்பாளரோ மாறியிருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை இருக்கலாம். நான் அப்படி ஒரு சாக்கு கிடைக்காதா என்று ஆசையோடுதான் தேடினேன். எல்லாம் பழைய பெயர்கள்.

இனி எழுதலாம். "ஆள் தீர்ந்துவிட்டார்" என்று எழுதாதீர்கள். ஒரு படத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. பழைய சாவிக் காட்சியையும் புதிய வெள்ளைச் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வாசிப்பவருக்குப் புரிந்துவிடும். நல்லதாக ஒன்று இருந்தால் அதை விடாமல் குறிப்பிடுங்கள். இந்தப் படத்திலும் ஒன்று இருந்தது. சண்டைக்குச் சற்று முன், கிழட்டுக் காவலாளி மாடி மாடியாக விளக்கை அணைத்துக்கொண்டு இறங்குகிறார். கடைசி விசையில் வைத்த விரல் அப்படியே நிற்கிறது. எதையோ கேட்டுவிட்டார். நமக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

நண்பருக்கு இரண்டாவதாக அனுப்பிய கடிதத்தில் அந்த இடத்தின் நேரத்தை மட்டும் குறித்திருந்தேன்: 1 மணி 12 நிமிடம்.